மலையடியிலிருந்து மணப்பாடு வரை: கிராவல் சைக்கிள் கேள்வி பதில்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து மண்பாதைகளில் கிராவல் சைக்கிள் (சரளை, மண்பாதைக்கு ஏற்ற அகல டயர் போட்ட சைக்கிள்) ஓட்டுவது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சென்னை): அண்ணாச்சி, நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. மலையும் வேண்டும், கடலும் வேண்டும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

மலைப்பக்கம் ஆரம்பித்துக் கடலில் முடியுங்கள் தம்பி. முதல் நாள் திருநெல்வேலியில் இறங்கி மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம். தாமிரபரணிப் பாசனம், வயலும் வாழையுமாக இருக்கும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதை நின்று பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டாம் நாள் மணிமுத்தாறு, சிங்கம்பட்டி, களக்காடு, திருக்குறுங்குடி என்று மலையடிவாரத்தை ஒட்டியே வந்து வள்ளியூரில் தங்கல். நாலு நாளில் நீளமான நாள் அதுதான். மூன்றாம் நாள் ராதாபுரம், திசையன்விளை, உவரி. கடைசி நாள் உவரியிலிருந்து பெரியதாழை, தட்டார்மடம், முதலூர், உடன்குடி, மணப்பாடு, குலசேகரப்பட்டினம், திருச்செந்தூர்.

எதிர்த்திசையில் வரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைத்தே பார்க்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, சாதாரணக் காற்று இல்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். பணகுடி, வள்ளியூர் பக்கம் அது பக்கவாட்டில் அடித்தால் வண்டி ஒரு முழம் நகர்ந்துவிடும். கிழக்கே திரும்பிவிட்டால் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

என்னைக் கேட்டால், பொங்கல் கழிந்து மார்ச் தொடக்கம் வரைதான் உத்தமமான காலம். குளமெல்லாம் நிறைந்திருக்கும், வெயில் கடிக்காது. அப்போது கடற்கரையில் முற்பகலுக்குப் பிறகு கடல்காற்று எழும்பும், அதனால் கரையோரத்தைக் காலையிலேயே ஓட்டி முடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. குளங்களும் கால்வாய்களும் எத்தனை இடத்தில் உடைந்தன என்று இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள்.

கேள்வி (பெங்களூரு): மாஞ்சோலைக்குச் சைக்கிளில் ஏற முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பகுதி, 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்ட வனத்துறை அனுமதி வேண்டும். திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்குப் போகும் பாதையும் காட்டுக்குள்தான். சாவடியில் இருப்பவரிடம் கெஞ்சி நுழைவது, விடியற்காலையில் நழுவிப் போவது, இந்த வேலையெல்லாம் தயவுசெய்து வேண்டாம். யானையும் கரடியும் நடமாடும் காட்டில் சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அதுகளுக்கும் ஆபத்து, ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. ஏறியே தீர வேண்டும் என்றால் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் சாலை இருக்கிறது. தார்ச்சாலைதான், லாரியும் அதிகம். அடிவாரத்துச் செம்மண் பாதையில் நின்று மலையைப் பார்ப்பதே எனக்குப் போதும். களக்காட்டு வாழைத் தோப்புகளுக்குப் பின்னால் அது எழும்பி நிற்கிற நிலை அப்படி.

கேள்வி (கோவை): 700×32 டயர் போட்ட ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். போதுமா, கிராவல் பைக் வாங்கியாக வேண்டுமா?

புது வண்டி வேண்டாம். உங்கள் ஃபிரேமில் 38 அல்லது 40 மி.மீ. அகல டயர் நுழையுமா என்று கடையில் பார்த்து அதை மாட்டுங்கள். 32-ஐ வைத்துக்கொண்டு சரளையில் ஓட்டலாம், ஆனால் கை மரத்துப்போகும். 70 கிலோ எடை உள்ளவருக்கு 40 மி.மீ. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் காற்றழுத்தம் முன்னால் 30, பின்னால் 34 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்துப் பாருங்கள். டியூப் போட்டிருந்தால் அதைவிட ஏழெட்டு கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லில் மோதும்போது ரிம் கடித்து டியூப் கிழியும்.

கேள்வி (மதுரை): போன முறை சாத்தான்குளம் பக்கம் வந்தபோது ஒரே நாளில் நாலு பஞ்சர். என்ன மந்திரம் அண்ணே?

மந்திரம் இல்லை, முள்ளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மூன்று வகை. நெருஞ்சி தரையோடு படர்ந்திருக்கும். மஞ்சள் பூவைப் பார்த்தாலே ஒதுங்கிவிடலாம். ஒட்டினாலும் அதன் முள் சின்னது, டயருக்குள் ஊற்றி வைக்கும் சீலண்ட் என்ற அடைப்புத் திரவம் சமாளித்துவிடும். சீமைக்கருவேலம் அதற்கு மேல். வேலியை வெட்டிப் பாதை ஓரம் போட்டிருப்பார்கள், காய்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மூன்றாவது உடைமரம், குடை விரித்த மாதிரி நிற்குமே, அதுதான். அதன் வெள்ளை முள் விரல் நீளம் இருக்கும், டயரின் பக்கச்சுவரையே துளைத்துவிடும். ஆடு மேய்ப்பவர்கள் குழை வெட்டிப்போட்ட இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

டியூப்லெஸ்தான் இந்த ஊருக்கு. நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து ஊற்றுங்கள். முள் குத்தியதும் பிடுங்காதீர்கள். ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிவிட்டுப் பிடுங்கினால் சீலண்ட் அங்கே வந்து சேரும். அடைக்கவில்லை என்றால் ஓட்டையில் ரப்பர் பிளக் குத்துங்கள். மாற்று டியூப் இரண்டு கட்டாயம். டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். உங்களுக்கு நாலு பஞ்சர் ஆனது ஒரே முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து நின்றதால் கூட இருக்கலாம். ஊருக்கு ஊர் சைக்கிள் கடை உண்டு, ஆனால் இந்த வகை சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் காற்றடிக்க அவர்களிடம் பொருத்தி இருக்காது. அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

கேள்வி (திருப்பூர்): தேரிக்காட்டில் ஓட்ட முடியுமா? படத்தில் பார்த்தால் பாலைவனம் மாதிரி இருக்கிறது.

சாலையில் முடியும், மணலில் முடியாது. இரும்புச்சத்தால் சிவந்த மணல் அது. காற்று மேடு மேடாகக் குவித்து வைத்திருக்கும். மேல்காற்றுக் காலத்தில் தார்ச்சாலையின் மேலேயே நாக்கு நீட்டிக் கிடக்கும். அப்படி ஒரு திட்டைக் கண்டால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடியே, எடையைப் பின்னால் தள்ளி, கைப்பிடியை இறுக்காமல் மிதியுங்கள். நடுவில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் புதைந்துவிடும். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, ஆகையால் சாலையை விட்டு மேட்டில் வண்டியை ஏற்றிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். சுற்றிலும் செம்மணல் காய்ந்து கிடக்க, நடுவில் சுனையும் மரநிழலும்.

தேரியில் எண்ணெய் அதிகம் விட்ட செயின் மணலைப் பூசிக்கொண்டு கரகரக்கும். துடைத்துவிட்டு உலர்வகைச் செயின் எண்ணெய் (டிரை லூப்) போடுங்கள்.

கேள்வி (திருச்சி): கால்வாய்க்கரையில் ஓட்ட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா அண்ணா? நாங்கள் மூன்று பெண்கள் வருகிறோம்.

விவசாயிகள் தினமும் நடக்கிற, டிராக்டர் ஓட்டுகிற கரைகள்தான் தங்கச்சி, யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அது அவர்கள் பிழைப்புக்கான பாதை, நாம் விருந்தாளிகள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேகம் பார்க்கிற கூட்டம் ஒன்று வந்து போனால், அடுத்து வருகிறவரை அந்த ஊர் வேறு கண்ணால் பார்க்கும்.

படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், கேமராவை எடுக்கவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் பிசானம் என்ற நெல் பருவத்தின் அறுவடை. நெல்லைச் சாலையிலேயே காயப் போட்டிருப்பார்கள். பாதிச் சாலையை அடைத்திருந்தாலும் அதன் மேல் சக்கரம் படக்கூடாது. கரை சில இடத்தில் மடையோடு முடிந்துவிடும், வரைபடத்தில் பாதை தெரியும், நேரில் தண்ணீர்தான் இருக்கும். மண்வெட்டியோடு வருகிற பெரியவரிடம் “இது எங்கே போய் ஏறும்?” என்று கேட்பதுதான் நம்பகமான வழி. மணிமுத்தாறு கால்வாயில் எந்த ரீச்சில் (கால்வாய்ப் பகுதியில்) தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

பகலில் பயமில்லை. கேள்விதான் ஓயாமல் கேட்பார்கள். ஐந்தரைக்குக் கிளம்பி மதியத்துக்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம், வள்ளியூர், திருச்செந்தூரில் லாட்ஜ் உண்டு. உவரியில் அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகளை முன்னதாகக் கேட்டு வையுங்கள். வைகாசி விசாகம், கந்த சஷ்டி, குலசேகரப்பட்டினம் தசரா சமயத்தில் மட்டும் திருச்செந்தூரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

கேள்வி (சேலம்): நாய் துரத்தினால்?

இறங்கிவிடுங்கள். வண்டியை இடையில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி.

கேள்வி (ஈரோடு): வழியில் சாப்பாடு, தண்ணீர்?

மலையடிவாரத்தில் கவலையில்லை. ராதாபுரத்திலிருந்து கிழக்கே கடைகள் குறையும், மூன்று லிட்டர் வைத்திருங்கள், ஓஆர்எஸ் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும். சட்டென்று தெம்பு தர கோவில்பட்டி கடலைமிட்டாயை மிஞ்ச எந்த எனர்ஜி பாரும் இல்லை. முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா, உடன்குடியில் கருப்பட்டி. கோடையில் வந்தால் காலையில் பதநீர், வெயில் ஏறினால் நுங்கு.

கேள்வி (சென்னை): மணப்பாட்டில் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அரை நாள். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்திட்டு. சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு ஏறுங்கள். கரையோரம் ஓட்டிய அன்று இரவே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்காற்று செயினையும் பிரேக் கம்பியையும் ஒரு வாரத்தில் துருவாக்கிவிடும்.

கேள்வி (தாம்பரம்): ரயிலில் வண்டியை எப்படிக் கொண்டுவருவது?

பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில், அதாவது ரயிலின் சரக்குப் பெட்டியில், ஏற்ற வேண்டும். வரும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கே பதியுங்கள், அது கடைசி நிறுத்தம், இறக்காமல் போய்விடும் பயம் இல்லை. திரும்பும்போது செந்தூர் எக்ஸ்பிரஸ் திருச்செந்தூரிலேயே கிளம்புகிறது. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, பின்பக்கம் கியர் மாற்றும் கருவி (டீரெய்லர்) இருக்கும் இடத்தில் அட்டை கட்டி, பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டை ஃபிரேமில் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். விளக்கு, ஜிபிஎஸ், பம்பு எல்லாம் உங்கள் கைப்பையில் வரட்டும்.