கல்லூரி மாணவர்கள் கணினி வழித் தேர்வை மனதார ஏற்றுக்கொள்கிறார்களா?

ஒரு மார்க் கேள்வி என்றால் ஏற்றுக்கொள்கிறார்கள். பத்து மார்க் கணக்கு என்றால் "பேப்பரே குடுத்துடுங்க மேம்" என்கிறார்கள்.

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். 2022-லிருந்து இன்டர்னல் தேர்வுகளில் சிலவற்றை லேபில் மூடுல் மென்பொருள் வழியாக நடத்துகிறோம். கட்டுக்கட்டாகப் பேப்பர் திருத்தும் வேலை குறையும் என்ற சுயநலமும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

பழக்கமில்லாத பயம்தான் காரணம் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. டீக்கடையில் பத்து ரூபாயைக்கூட ஃபோனில் அனுப்புகிற பிள்ளைகளுக்குக் கணினியில் என்ன பயம்? 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்பவர் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று ஒன்றை முன்வைத்தார். ஒரு கருவி தனக்குப் பயன்படும் என்ற எண்ணம், அது சுலபமானது என்ற எண்ணம், இந்த இரண்டும்தான் ஒருவரை அதன் பக்கம் இழுக்கின்றன என்றார். அவருடைய ஆய்வில் பயன்தான் கூடுதல் கனமாக நின்றது. என் வகுப்பிலும் அப்படித்தான். வங்கித் தேர்வுக்குக் கோச்சிங் போகிறவர்கள் லேப் தேர்வு என்றால் முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும். அதற்கு இது இலவசப் பயிற்சி.

சரி, பத்து மார்க் கணக்கில் என்ன சிக்கல்? 2,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு 10 சதவீதம் தேய்மானம், அதாவது 20,000. அவசரத்தில் ஒருவன் 2,000 என்று போட்டுவிடுகிறான். நிகர லாபம் 18,000 கூடிவிடும். அதனால் மூலதனம் கூடும். இயந்திரத்தின் மதிப்பும் அதே அளவு கூடும். வேடிக்கை என்னவென்றால் பேலன்ஸ் ஷீட் அழகாக டேலி ஆகிவிடும்! பேப்பரில் திருத்தும்போது எனக்குத் தெரியும், பையன் தப்பு செய்தது ஓரிடத்தில்தான், மற்றதெல்லாம் முறைப்படி சரி. ஒரு மார்க் குறைத்துவிட்டு மீதியைப் போடுவேன். கணினியில் அதே கணக்கைக் கோடிட்ட இடங்களாகக் கொடுத்தேன். தேய்மானம் தப்பு, லாபம் தப்பு, மூலதனம் தப்பு, இயந்திரம் தப்பு, மொத்தம் தப்பு. ஐந்து கட்டமும் சிவப்பு. "ஒரு தப்புக்கு அஞ்சு தடவை அடி வாங்கறோம் மேம்" என்றான் ஒருவன். நியாயம்தானே? ஸ்டெப் மார்க் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அவர்கள் கணக்கு போட்ட வழிக்கான கூலி.

இன்னொரு தயக்கம் வேறு மாதிரி. முதல் பேட்ச்சில் ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். லேப் தேர்வு என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "மறுபடியும் அப்லோடா மேம்?" என்றாள். அவளுக்கு ஆன்லைன் தேர்வு என்றால் கொரோனா காலம்தான். வீட்டில் பேப்பரில் எழுதி, ஒவ்வொரு பக்கமாக ஃபோனில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். காப்பித் தோட்டத்துக்கு மேலே ரோட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். மழை வந்தால் அதுவும் போச்சு. எழுதிய நேரத்தைவிட அனுப்பிய நேரம்தான் அவளுக்கு நினைவில் இருந்தது.

இதில் அப்லோடே கிடையாது, விடை தானாகப் பதிவாகிவிடும் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்புறம் ஒரு மாதிரித் தேர்வு வைத்து, பாதியில் அவள் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வகுப்பே "ஐயோ" என்றது. திரும்பப் போட்டு உள்ளே நுழைந்தால் பழைய விடைகள் அப்படியே இருந்தன. மூடுல் நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தோம். கடைசியாகத் தட்டிய ஒரு விடைதான் காணவில்லை. ஆனால் கடிகாரம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். கரண்ட் போனவர்களுக்குத் தனியாக நேரம் கூட்டிக் கொடுக்க வழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நானே தேடிக் கற்றுக்கொண்டேன். அந்தப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு அவளிடமிருந்து எதிர்ப்பே இல்லை.

மாணவர்களுக்கு இதில் நிஜமாகவே பிடித்தது, முடித்த உடனே மார்க் தெரிவது. பேப்பர் எப்போது வரும் என்று என் பின்னால் அலைய வேண்டாம். "மேம் அவளுக்கு மட்டும் ஏன் ரெண்டு மார்க் அதிகம்" என்ற சண்டையும் அடங்கிவிட்டது. தமிழ் வழியில் படிப்பவர்களிடம் விரிவான விடையைத் தட்டச்சு செய்யச் சொல்வது மட்டும் கொடுமை. ஃபோனில் தங்கிலீஷில் அடித்துப் பழகிய விரல்கள் தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகின்றன. அந்த விஷப்பரீட்சையை ஒரே தடவையோடு விட்டுவிட்டேன்.

இப்போது முதல் இன்டர்னல் லேபில். தேய்மானம், சரக்கிருப்பு, கொடுபட வேண்டிய செலவு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிச் சிறு கேள்விகளாக வருகின்றன. லாபத்தில் தொடங்கி பேலன்ஸ் ஷீட் வரை போகும் அந்தப் பத்து மார்க் இறுதிக் கணக்கு இரண்டாம் இன்டர்னலில், பேப்பரில்தான். அந்தக் கட்டு இதோ மேசை மேல் இருக்கிறது, இன்னும் பாதிகூடத் திருத்தவில்லை.