மைட்ரல் வால்வு சுருக்கம் என்றால் என்ன? தொண்டை நோவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இதயத்தின் 4 வால்வுகளும் இரத்தத்தை முன்னால் மட்டுமே போகவிடும். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல். அதற்கு மட்டும் 2 இதழ்கள், மற்றவற்றுக்கு 3.

சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்கு மருந்தெடுக்காமல் விட்டால், இரண்டு மூன்று கிழமையில் மூட்டு வலியோடு ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். கிருமியோடு போராடும் உடலின் பாதுகாப்பே வால்வையும் தாக்கும். வருடக்கணக்கில் இதழ்கள் தடித்து ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரே காம்பராவில் நெருங்கிப் படுக்கும் தேயிலைத் தோட்ட லயங்களில் (வரிசை வீடுகளில்) இந்தக் கிருமி சுலபமாகப் பரவும்.

4 சதுர சென்டிமீட்டராவது திறக்க வேண்டிய வழி 1.5க்குச் சுருங்கினால் நோய் கடுமை. கீல் துருப்பிடித்துப் பாதி மட்டும் திறக்கும் கதவில் கொழுந்துக் கூடையோடு நுழைவது மாதிரி. தேங்கும் இரத்தம் நுரையீரலை அழுத்தும்: மலையேறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல். கர்ப்பத்தில்தான் பலருக்கு முதலில் தெரியவரும்.

ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களில் சிலர், மூட்டு வலி போனதும், 3, 4 கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அது வலிக்கான ஊசி அல்ல, காய்ச்சல் திரும்பி வந்து வால்வை மேலும் கெடுக்காமலிருக்கப் போடுவது.