பஞ்சுபோல் அமுங்கும் பிரேக் மிதி

கேள்வி: என் பழைய புரோட்டான் வீரா காரின் முன்சக்கரங்களுக்கு, ஹாஃப்-கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) வாங்கிய இரட்டைப் பிஸ்டன் கேலிப்பர்களையும் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பெரிய டிஸ்க்குகளையும் பொருத்தினேன். அன்றிலிருந்து பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது. விட்டுவிட்டு மிதித்தால் சற்று மேலே வருகிறது. சிவப்பு விளக்கில் காலை அழுத்தியபடி நின்றால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பிரேக் குழாய்களிலிருந்து பலமுறை காற்று எடுத்தும் பயனில்லை. புதிய பேட் பழகினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். இந்த நிலையில் பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ஓட்டலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஓட்டவே கூடாது. பட்டறைக்குக்கூட இழுவை லாரியில் அனுப்புங்கள். பேட் பழகச் சில நாள் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் கூடுவது பிடிப்பு மட்டுமே, இறங்கிக்கொண்டே போகும் மிதி அதனால் நிற்காது.

உங்கள் காரில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. விட்டுவிட்டு மிதிக்கும்போது மிதி மேலே வந்தால், பெரும்பாலும் பிரேக் எண்ணெய்க்குள் காற்று இருக்கிறது என்று பொருள். எனவே முதலில் கேலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மேல்பக்கம் இருக்க வேண்டும். பழைய உதிரிப்பாகங்களைப் பொருத்தும்போது இடது கேலிப்பர் வலப்பக்கமும் வலது கேலிப்பர் இடப்பக்கமும் போய்விடுவது உண்டு. அப்போது நிப்பிள் கீழே வந்துவிடுவதால், காற்று மேல்மூலையில் தங்கி, எத்தனை புட்டி எண்ணெய் ஊற்றினாலும் வெளியேறாது. எண்ணெய்க் குழாயைக் கேலிப்பரோடு பிணைக்கும் ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் புதிய செப்பு வாஷர்கள் போட்டார்களா என்றும் கேளுங்கள்.

காலை எடுக்காமலே மிதி இறங்குவது வேறு கதை. எங்கோ எண்ணெய் கசிகிறது, அல்லது மிதியை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போய்விட்டது. சக்கரங்களில் ஈரமில்லை, தொட்டியில் எண்ணெயும் குறையவில்லை என்றால் சீல்தான் குற்றவாளி. ஈரமில்லாமலே எண்ணெய் குறைந்தால், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, அதன் பின்னுள்ள, கால் அழுத்தத்தைப் பெருக்கும் சர்வோவுக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று எடுக்கும்போது மிதியைத் தரைவரை அழுத்தினால், பல ஆண்டுகளாக சீல் தொடாத, துருவும் அழுக்கும் படிந்த பகுதியில் அது உரசிக் கிழியக்கூடும். புதியது போட்ட பிறகாவது, காற்று எடுக்கும்போது மட்டும் மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து, முடிந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாகி, மிதி கெட்டியாக இருந்தும் ஆழமாகப் போனால், பெரிய பிஸ்டன்களுக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் போதவில்லை. சிலிண்டரின் உள்விட்டம் 13/16 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலத்துக்கு மாறினால், ஒரே மிதிக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதல் எண்ணெய் போகும். பதிலுக்குக் காலை இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். பின்சக்கரங்கள் டிரம் என்றால், அதற்கு முன் அவற்றில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்துவிடுங்கள், செலவில்லாத வேலை.

வேலை முடிந்ததும் எஞ்சினை அணைத்து, நாலைந்து முறை மிதித்துவிட்டு, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி அசையக் கூடாது. பிறகு எஞ்சினை முடுக்கும்போது அது சிறிது இறங்கினால் பதற வேண்டாம். சர்வோ வேலை செய்கிறது, அவ்வளவுதான்.