டார்க் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்தும் போட்டோ பேப்பர் கெடாதது ஏன்?

பிரிண்ட் போடும் அதே சிவப்பு விளக்கில் ஃபிலிமையும் கழுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

பேப்பரிலும் ஃபிலிமிலும் பூசியிருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் இயல்பாக நீலத்தையும் புற ஊதாவையும்தான் உணரும். கறுப்பு வெள்ளை பேப்பரில் அந்த உணர்வைப் பச்சை வரை நீட்டியிருப்பார்கள், சிவப்பு அதற்குத் தெரியாது. ஃபிலிம் அப்படியில்லை. சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்று 1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தார். இன்றைய இல்ஃபோர்ட் ஹெச்பி5 போன்ற ஃபிலிம்கள் சிவப்பையும் பதிவு செய்யும். ஆகவே ஃபிலிமை ரீலில் சுற்றி, வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடும்வரை கும்மிருட்டு வேண்டும்.

புது விளக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். என்லார்ஜரில் (நெகடிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) பேப்பருக்கு, டெவலப் செய்தால் லேசான சாம்பல் நிறம் வருமளவு வெளிச்சம் காட்டுங்கள். அப்புறம் அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கடியில் 5 நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை, தள்ளி வையுங்கள் அல்லது மாற்றுங்கள்.

வெற்றுத்தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்க முடிவது இந்த வெளிச்சத்தால்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. கலர் பேப்பரில் இந்தச் சலுகை கிடையாது, அது எல்லா நிறத்தையும் உணரும்.