அமெரிக்காவில் எச்.ஓ.ஏ.வுக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிறோம். அங்கே எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கிறது. மாதக் கட்டணம் உண்டு, வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டுமாம். சொந்த வீட்டில் இந்த அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது? இவர்களைக் கேட்க ஆள் உண்டா?

பதில்: அதிகாரம் ஒரு பத்திரத்திலிருந்து வருகிறது. கட்டுமான நிறுவனம் முதல் வீட்டை விற்கும் முன்பே, குடியிருப்பின் கட்டுப்பாடுகளை எழுதிய ‘டிக்ளரேஷன்’ என்ற ஆவணத்தை கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடும். பேச்சு வழக்கில் இதைத்தான் ‘சி.சி. அண்ட் ஆர்.’ என்கிறார்கள். மனை எத்தனை கை மாறினாலும் வில்லங்கம்போல இது கூடவே வரும். நீங்கள் படிக்காமல் வாங்கியிருந்தாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். வீடு கைக்கு வந்ததுமே நீங்கள் உறுப்பினர். விலக வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும்.

சங்கம் பெரும்பாலும் மாநில அரசிடம் பதிவான, லாப நோக்கமற்ற ஒரு கார்ப்பரேஷன். சாலை, பூங்கா, நீச்சல்குளம் எல்லாம் அந்தக் கார்ப்பரேஷன் பெயரில் இருக்கும். காண்டோ எனப்படும் அடுக்குமாடி வகைக் குடியிருப்பில் கதை வேறு. அங்கே பொது இடம் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிபடாத பங்காகச் சொந்தம், சட்டமும் தனி. ஃப்ளோரிடா சட்டத்தொகுப்பில் எச்.ஓ.ஏ.வுக்கு 720-ஆம் அத்தியாயம், காண்டோவுக்கு 718. இணையத்தில் தேடிச் சண்டைக்குப் போகிறவர்கள் பலர் தவறான அத்தியாயத்தோடு போய் நிற்கிறார்கள்.

எந்தத் தகராறானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஆவணங்களின் படிவரிசை. மேலே மத்திய, மாநிலச் சட்டங்கள். அடுத்து டிக்ளரேஷன். அதன்கீழ் கார்ப்பரேஷனைத் தொடங்கிய ஆவணம், பிறகு சங்கத்தை நடத்தும் முறையைச் சொல்லும் பைலாஸ், கடைசியில் சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு போடும் விதிகள். கலிஃபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் இந்த வரிசையையே எழுதி வைத்திருக்கிறது. கீழே உள்ளது மேலே உள்ளதோடு முரண்பட்டால் செல்லாது. போர்டுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டிக்ளரேஷன் வீட்டை வாடகைக்கு விட அனுமதிக்கும்போது, போர்டு ஒரு கூட்டத்தில் விதி போட்டு அதைத் தடுத்துவிட முடியாது. டிக்ளரேஷனையே திருத்த வேண்டும். அதற்குப் பல இடங்களில் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. மத்திய விதிக்கு ஓர் உதாரணம்: உங்கள் தனிப் பயன்பாட்டு இடத்தில் ஒரு மீட்டர் விட்டம் வரையிலான டிஷ் ஆன்டெனா வைப்பதை எந்த எச்.ஓ.ஏ.வும் முற்றாகத் தடை செய்ய முடியாது.

நிர்வாகம் போர்டின் கையில். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை செய்யும் அண்டை வீட்டுக்காரர்கள்தான். கடிதம் அனுப்பும் மேலாண்மை நிறுவனம் அவர்கள் அமர்த்திய ஒப்பந்ததாரர் மட்டுமே, முடிவெடுப்பது போர்டு. புதிய குடியிருப்பில் ஆரம்ப ஆண்டுகளில் போர்டை நியமிப்பது கட்டுமான நிறுவனம். ஒரு வீட்டுக்குப் பல வாக்கு என்று தனக்கு வைத்துக்கொள்வதும் வழக்கம். ஃப்ளோரிடாவில் பொதுவாக 90 சதவீத மனைகள் விற்று மூன்று மாதத்துக்குள், போர்டின் பெரும்பான்மை இடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உரிமையாளர்களுக்கு வர வேண்டும். அந்தக் கைமாற்றத்தின்போது கணக்கு, ஒப்பந்தங்கள், வாரன்டிகள், கட்டுமானக் குறைகள் நான்கையும் சரிபார்க்காவிட்டால் பின்னால் சங்கமே செலவைச் சுமக்கும்.

போர்டுக்குக் கடிவாளமும் உண்டு. கலிஃபோர்னியாவில் வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 4 நாள் முன்னறிவிப்பு, விதி மாற்றத்துக்கு 28 நாள். மாதக் கட்டணத்தை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவோ, அந்த ஆண்டு பட்ஜெட் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கட்டணம் போடவோ அவசரநிலை தவிர உறுப்பினர் வாக்கு வேண்டும். அபராதம் போடுமுன் 10 நாள் முன்னறிவிப்போடு விசாரணை நடத்த வேண்டும். 2025 ஜூலை முதல் ஒரு மீறலுக்கான அபராதத்துக்கு 100 டாலர் உச்சவரம்பு. உடல்நலம், பாதுகாப்பைப் பாதிக்கும் மீறல்கள் விதிவிலக்கு. ஃப்ளோரிடாவில் முன்னறிவிப்பு 14 நாள், விசாரிப்பது போர்டைச் சேராத குறைந்தது மூவர் கொண்ட குழு. இந்த நடைமுறையில் ஒன்றைத் தவறவிட்டுப் போட்ட அபராதம் செல்லாது. எனவே கடிதம் வந்ததும் தேதியையும், எந்தப் பிரிவை மீறியதாகச் சொல்கிறார்கள் என்பதையும் முதலில் பாருங்கள்.

ஆனால் கோபத்தில் மாதக் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பாக்கி உங்கள் வீட்டின்மேல் ‘லீன்’ ஆக, அதாவது வீட்டைப் பிணையாக்கும் கடனாகப் பதிவாகும், வழக்கறிஞர் செலவும் அதோடு ஏறும், முற்றினால் வீடே ஏலத்துக்குப் போகும். கலிஃபோர்னியாவில் அபராதமும் தாமதக் கட்டணமும் சேராத பாக்கி 1,800 டாலரை எட்டினாலோ, ஓராண்டு கடந்தாலோ ஏலத்துக்குப் போகும் வழி திறக்கிறது. எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பிறகு சங்கத்தோடு நேரடிப் பேச்சு, மத்தியஸ்தம், கடைசியாக நீதிமன்றம். போர்டு நல்லெண்ணத்தோடு, விசாரித்து எடுத்த பராமரிப்பு முடிவில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. நடைமுறை மீறல், அதிகார மீறல், சுயலாபம் ஆகியவற்றைச் சுட்டும் வழக்குக்கே வலு அதிகம்.

வாங்குமுன் டிக்ளரேஷன், பட்ஜெட், கடந்த ஓராண்டின் கூட்டக் குறிப்புகள், நிலுவை வழக்குகள், ரிசர்வ் அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூரை, சாலை, குழாய் எப்போது மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்வது ரிசர்வ் அறிக்கை. மாதக் கட்டணம் குறைவு என்று மகிழும் இடத்தில் இந்த நிதி காலியாக இருந்தால், கூரை மாற்றும் ஆண்டில் சில ஆயிரம் டாலர் சிறப்புக் கட்டணம் உங்கள் பெயருக்கு வரும்.