விலை இறங்கியும் கொட்டினார்கள்

கேள்வி: தேயிலை மீதான வரியை பிரிட்டன் ஏற்றியதால் அமெரிக்கர்கள் கொதித்துப்போய், பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டிப் புரட்சியில் இறங்கினார்கள் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “டீ விலை ஏறினதுக்கா ஒரு நாடே பிரிஞ்சு போச்சு?” என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் மகள் சரியாகத்தான் கேட்கிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் ‘ஏற்றியதால்’ என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். 1773-இல் வந்த தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவே இல்லை. பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்று 1767-இல் போட்ட வரி அப்படியே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கை லண்டனில் ஏலம் விடாமல் நேரே அமெரிக்காவுக்கு அனுப்பலாம், லண்டனில் கட்டிய தீர்வையும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதனால் தேயிலை விலை இறங்கியது. விலை இறங்கிய பிறகும் கடலில் கொட்டினார்களே, ஏன்? அதைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வரிச்சுமை தாங்காமல் பொங்கினார்கள் என்ற கதையை இந்தப் பக்கத்தில் பலமுறை எதிர்த்திருக்கிறேன், இனியும் எதிர்ப்பேன். இங்கிலாந்தில் இருந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காரர்கள் கட்டியது மிகக் குறைவு. பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவைக் காக்கத்தானே செலவழித்தோம், அவர்களும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று லண்டன் நினைத்தது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பெறவில்லை, சட்டம் போட்டு எடுத்தார்கள். அமெரிக்கா அப்போது தனி நாடில்லை, பிரிட்டனின் கீழ் இருந்த 13 குடியேற்றங்கள். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் சொந்தச் சட்டசபை இருந்தது, வரி போடுவது அதன் வேலையாக இருந்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

தேயிலைக்கு முன்பே சண்டை காகிதத்தில் ஆரம்பித்துவிட்டது. பத்திரிகைக்காரனான எனக்கு இதுதான் நெஞ்சில் நிற்கிற கட்டம். 1765-இன் முத்திரைச் சட்டப்படி செய்தித்தாள், பத்திரம், உயில், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரைக் காகிதம் வாங்க வேண்டும். ஒரே அடியில் அச்சகக்காரர், வக்கீல், வியாபாரி மூவரையும் பகைத்துக்கொண்டது அரசு. ஊரைக் கூட்டத் தெரிந்தவர்களே அவர்கள்தான். சட்டம் அமலுக்கு வருவதற்கு முதல் நாள், அக்டோபர் 31 அன்று, பிலடெல்பியாவின் ‘பென்சில்வேனியா ஜர்னல்’ தன் முதல் பக்கத்தைக் கல்லறைக்கல் போல வடிவமைத்து, மண்டையோடு போட்டு வெளிவந்தது. பத்திரிகையின் வாயை அடைக்கக் கைவிலங்கு தேவையில்லை, காகிதத்தின் விலையில் கைவைத்தாலே போதும். எந்த அரசு அதைச் செய்தாலும் எழுதுகிறவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

எதிர்ப்பு தாங்காமல் 1766-இல் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். அதே கையோடு இன்னொன்றையும் நிறைவேற்றினார்கள்: எந்த விஷயமானாலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்ற பிரகடனச் சட்டம். புரட்சியின் விதை அதில்தான் இருக்கிறது என்பேன். அந்த 3 பென்ஸை அவர்கள் வெறுத்ததும் இதனால்தான். மலிவு டீயை வாங்கிக் குடித்தால் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஹாலந்துத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்குப் பிழைப்பு போகும் என்ற கோபம் இருந்ததும் உண்மை. ஆனால் கடத்தல்காரரின் கோபம் மட்டும் 13 குடியேற்றங்களை அசைத்திருக்காது.

சரி, கம்பெனிக்கு ஏன் அவ்வளவு சலுகை? முத்திரைச் சட்டம் வந்த அதே 1765-இல்தான் வங்காளத்தின் வரிவசூல் உரிமை கம்பெனி கைக்குப் போனது. 1770-இல் பெரும் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் செத்து விழும்போதும் வசூலை விடவில்லை. அப்படிச் சுரண்டியும் 1772-இல் கம்பெனி கடனில் தத்தளித்து அரசிடம் கையேந்தியது. அதன் கிடங்குகளில் ஒரு கோடியே 70 லட்சம் பவுண்டு எடைத் தேயிலை தேங்கிக் கிடந்தது. எல்லாம் சீனத் தேயிலை. அதை அமெரிக்கர் தலையில் கட்டத்தான் 1773-இன் தேயிலைச் சட்டம்.

இதை அமெரிக்கர்கள் அறிந்தே இருந்தார்கள். பென்சில்வேனியா வக்கீல் ஜான் டிக்கின்சன் 1773-இல் ‘ருஸ்டிகஸ்’ என்ற புனைபெயரில் எழுதியபோது, ஆசியாவில் இந்தக் கம்பெனி செய்ததைப் பாருங்கள், பஞ்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள் பாருங்கள், அடுத்தது நாம்தான் என்று எச்சரித்தார். வங்காளத்துச் சாவு பிலடெல்பியாவில் வாதமானது. நம் வகுப்பறைகளில் இந்த இரண்டையும் இரண்டு பாடமாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கு ஆறாத வருத்தம். அதே டிக்கின்சன் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைய அமெரிக்க மக்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. சுதந்திரப் பேச்சில் அவர்களுக்குப் பங்கில்லை.

மற்றதை உங்கள் மகளே படித்துக்கொள்வாள். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. தண்டனையாகப் பிரிட்டிஷார் துறைமுகத்தை மூடினார்கள், பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சியைப் பறித்தார்கள். இன்று பாஸ்டனுக்கு நடந்தது நாளை நமக்கு என்று 1774 செப்டம்பரில் 13-இல் 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று பாஸ்டனுக்கு அருகே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது.

அப்புறம் ஒன்று. அந்தப் போர் நம் கடற்கரைக்கும் வந்தது. அமெரிக்கர் பக்கம் பிரான்ஸ் சேர்ந்ததால் பிரிட்டிஷார் பாண்டிச்சேரியையும் மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே தன் பாதுகாப்பில் இருந்த துறை என்று மைசூரின் ஹைதர் அலி சீறினார், 1780-இல் ‘கர்நாடகம்’ என்று அன்று அழைக்கப்பட்ட நம் ஆற்காட்டுப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். 1783 ஜூனில் கடலூரைப் பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டு பிரெஞ்சுக்காரர்களோடு மோதியது, கடலிலும் சண்டை. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி ஜூன் கடைசியில்தான் கடலூருக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் இரு தரப்பிலும் நம்மூர்ச் சிப்பாய்கள் உட்பட ஏராளமானோர் செத்துவிட்டார்கள். கடலூர் மாவட்ட வரலாற்று ஆசிரியர்கள் யாராவது மாணவர்களை அந்த மண்ணுக்கு அழைத்துப்போய் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.