பிளேடைக் கீழே வையுங்கள்

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். லைவ் ராக் (கடல் உயிர்கள் ஒட்டிய கல்) போட்டு மூன்று மாதம் ஆகிறது. அதில் பழுப்பு நிறத்தில், குட்டிப் பனைமரம் போல ஐந்தாறு முளைத்தன. கடைக்காரர் சொன்னபடி பிளேடால் சுரண்டினேன். இப்போது இருபதுக்கு மேல் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஸோவாந்திட் (பவளத்துக்கு உறவான, பூப்போல விரியும் உயிர்) கூட்டமும் சுருங்குகிறது. கல்லை எடுத்து வேகவைத்துவிடலாமா?

பதில்: இவை ஐப்டேசியா என்னும் கண்ணாடி அனிமோன்கள், கல்லில் ஒட்டி வாழ்ந்து கொட்டும் கடல் உயிர்கள். அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது தனி அனிமோனாக வளரும். நீங்கள் களை எடுக்கவில்லை, பதியம் போட்டிருக்கிறீர்கள். அவற்றின் கொட்டுக்கு ஒதுங்கித்தான் ஸோவாந்திட் சுருங்குகிறது.

கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியை ஆர்.ஓ. தண்ணீரில் மோர்க்குழம்பு பதத்துக்குக் குழையுங்கள். (வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே சரக்குதான், ஆனால் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. வேண்டாம்.) பம்புகளை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அனிமோனின் வாயில் மெதுவாக விட்டு, மேலேயும் மூடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம், பி.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறிவிடும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். தப்பியவை ஒரு வாரத்தில் தலைகாட்டும், மறுபடி விடுங்கள்.

அடுத்து கடைக்காரர் 'பெப்பர்மின்ட் இறால் விடுங்கள், தின்றுவிடும்' என்பார். நல்ல யோசனைதான், கையில் கிடைப்பது பெப்பர்மின்ட்டாக இருந்தால். பல கடைகளில் அந்தப் பெயரில் ஒட்டக இறாலைத் தலையில் கட்டுகிறார்கள். முதுகில் திமில், பெரிய கண், சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால் அது ஒட்டக இறால்தான். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் ஸோவாந்திட்டைத் தின்னும். அசல் இறால் மங்கலாக, உள்ளே தெரிகிற மாதிரி இருக்கும். சிவப்புக் கோடுகள் மெல்லியவை.

வேகவைக்கும் எண்ணத்தை விடுங்கள். வேறு உயிர் எதுவும் ஒட்டாத கல்லாக இருந்தால் வெளியே எடுத்து, வெயிலில் பல நாள் நன்றாகக் காயவிடலாம். உங்கள் கல்லில் ஸோவாந்திட் இருக்கிறது. அந்த இனத்தில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. எதில் உண்டு, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. கல்லை வேகவைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. சமையலறையில் மட்டுமல்ல, மொட்டை மாடியிலும் வேண்டாம். பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். 'ராமேஸ்வரம் கல், மலிவு' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளப்பாறை உயிரோடு இருந்தாலும் செத்ததாக இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வரும். பில்லில் 'அலங்காரக் கல்' என்று எழுதித் தருவார்கள். மாட்டினால் அந்தத் துண்டுச்சீட்டு உங்களைக் காப்பாற்றாது. 2001லிருந்து பவளம் அட்டவணையில் இருக்கிறது, கல்லும் கடையில் இருக்கிறது. நடுவில் வந்து பார்க்கவேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்களோ! கல்லைக் குவாரன்டைன் செய்தீர்களா, அதாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தீர்களா என்று கடையில் கேட்டால் சிரிப்பார்கள். அடுத்த முறை செராமிக் கல் வாங்கி, பாக்டீரியா போட்டுப் பொறுமையாகப் பழக்குங்கள்.

அதுவரை மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள். கல்லிடுக்கில் தங்கும் மிச்சத்தில்தான் ஐப்டேசியா கொழுக்கிறது.